சாட்சியைத் தண்டித்த கதை

நமது வீட்டு முற்றத்தில் பழைய மோட்டார்க் கார் ஒன்று நிற்கிறது. 2003 ஆம் ஆண்டில் ஜப்பானில் உருவாகி, அங்கே சில காலம் ஓடி, பின்னர் கப்பலேறி இலங்கைக்கு வந்து, மூன்று கைகள் மாறி நம்மிடம் சேர்ந்தது. மனிதருக்கு அது வாலிப வயது. கார்களின் கணக்கில் பேரன் பேத்தி எடுத்த வயது. ஆயினும் அதை விற்றுவிட்டுப் புதியதொன்று வாங்கும் எண்ணம் நமக்கு எழுந்ததில்லை. எழுந்திருந்தாலும் பயன் இருந்திராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இந்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள், பழைய காரைக் கட்டிக் காக்கும் கலையை விரும்பியோ விரும்பாமலோ கற்றுக்கொண்டன. அந்தக் கல்வியில் நாம் பெற்ற பாடம் ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் அன்னையாருக்கு வயது எழுபத்தாறு. மாதத்துக்கொரு முறை அவரைக் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு அழைத்துச் சென்று வைத்தியரிடம் காட்டி வருவது நமது கடமை. நாற்பது கிலோமீற்றர் தூரம். விடியுமுன் புறப்பட்டால்தான் கிளினிக்கில் முன்வரிசை கிடைக்கும். அந்த நேரத்தில் வீதியில் காட்டு யானை நின்றாலும் நிற்கும். அப்படிப்பட்ட பாதையில், அப்படிப்பட்ட பயணியைப் பின்னாசனத்தில் அமர்த்திக்கொண்டு செல்பவனுக்குக் காரின் மீது நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் ஒருநாள் மஞ்சள் நிற விளக்கொன்று எரிந்தது.

எஞ்சின் வடிவத்தில் சிறியதொரு படம், அவ்வளவுதான். கார் வழக்கம்போலவே ஓடிற்று. திரும்பி வந்ததும் ஒரு கராஜுக்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் கையடக்கக் கருவியொன்றைக் காரில் செருகினார். பி 0171 என்ற இலக்கம் தெரிந்தது. “கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்று காட்டுகிறது, சேர். ஒட்சிசன் சென்சர் போய்விட்டது. மாற்றினால் சரி” என்றார். மாற்றினோம். சம்பளத்தின் கால்வாசி அதற்கே போயிற்று. விளக்கு அணைந்தது. நாமும் நிம்மதியாக உறங்கினோம்.

மூன்றாவது வாரம் விளக்கு மீண்டும் எரிந்தது. அதே இலக்கம். “போட்ட சென்சர் நல்ல சாமான் இல்லை” என்று இன்னொருவர் தீர்ப்பளித்தார். அவர் சொற்படி இரண்டாவது சென்சரும் வந்தது. இம்முறை விலை இன்னும் கூட. பதினேழு நாட்கள் சென்றன. மஞ்சள் விளக்கு மூன்றாம் முறையாக நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் சிரித்தது. நண்பர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விளக்கின் மேல் கறுப்பு ரேப் துண்டொன்றை ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். பற்றரிக் கம்பியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டினால் காருக்கு எல்லாம் மறந்துபோகும் என்றார் மற்றொருவர். இரண்டாவது யோசனையை நாமும் செய்து பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கார் மறந்தது உண்மை. சில நாட்களில் நினைவு திரும்பியதும் உண்மை.

இந்த இடத்தில் கதையைச் சிறிது நிறுத்தி, அந்தச் சென்சர் என்பது யாது என்று மாணவ வாசகர்களுக்குக் கூறிவிடுவது நல்லது.

பெற்றோல் எஞ்சினுக்குள் ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் பெற்றோல் அரைகுறையாக எரிந்து நச்சுப் புகையும் கரியும் உண்டாகும். காற்று மிஞ்சினால் எஞ்சின் தடுமாறும். நைதரசன் ஒட்சைட்டுகள் கூடும். இந்தச் சமநிலையைக் காக்க வேண்டுமானால், எரிந்து முடிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராவது ஓயாது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஒட்சிசன் சென்சர். பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் போன்றிருக்கும். புகைக் குழாயில் திருகப்பட்டிருக்கும். அதன் உள்ளே சேர்க்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருளால் ஆன, தையற்காரர் விரலில் அணியும் உறை போன்ற சிறு கிண்ணம் உண்டு. அதன் இருபுறமும் பிளாற்றினம் பூசப்பட்டிருக்கும். ஒருபுறம் வெளிக்காற்று; மறுபுறம் புகை. ஏறக்குறைய 300 பாகை சென்றிகிரேட்டுக்கு மேல் சூடேறியதும், இரு புறத்து ஒட்சிசனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் ஒட்சிசன் அற்றுப்போனால் 0.9 வோல்ற்று அளவில் நிற்கும். ஒட்சிசன் மிஞ்சினால் 0.1 வோல்ற்றுக்கு இறங்கும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அது இரண்டுக்குமிடையே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் காரின் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது.

செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் பிறக்கும் கணக்கை 1889 இல் வகுத்தவர் ஜேர்மனிய விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்ட். 1920 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் கண்ட உண்மை காருக்குள் வந்து சேர எண்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் மூடியது. கலிபோர்னியா மாநிலம் கடுமையான புகைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு ஈடுகொடுக்க 1976 இல் ஜேர்மனியின் போஷ் நிறுவனம் இந்தச் சென்சரைச் செய்து தர, சுவீடனின் வொல்வோ நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் அதைப் பொருத்தியது. மாநகரொன்றின் மூச்சுத் திணறலிலிருந்து பிறந்த கருவி அது. இன்று கந்தளாய் வயல்வெளியில் ஓடும் நமது கிழட்டுக் காரிலும் அது இருக்கிறது.

இனிக் கதைக்குத் திரும்புவோம்.

ஊரிலே வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். தொழிலிலிருந்து பாதி ஓய்வு பெற்று, தெரிந்தவர்களின் வாகனங்களை மட்டும் பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் நானா. அவரிடம் சென்று நமது வழக்கை முறையிட்டோம். அவர் காரைத் தொடவில்லை. முதலில் நம்மைத்தான் விசாரித்தார்.

“மாஸ்டர், இந்த விளக்கு எப்ப எரியும்? விடியக் காலமையா, பின்னேரமா?”

நாம் யோசித்தோம். மூன்று முறையும் அதிகாலைப் பயணத்தில்தான் எரிந்திருந்தது. இந்தக் கேள்வியை இதுவரை நம்மிடம் யாரும் கேட்டதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

நானா கருவியைச் செருகினார். இலக்கத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடவில்லை. பிழை பதிவான கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்பதையும் கணினி குறித்து வைத்திருக்குமாம். அதையும் வாசித்தார். எஞ்சின் அப்போது முழுச் சூட்டை அடைந்திருக்கவில்லை. அடுத்ததாக, புகைக் குழாயின் வாயில் விரலை விட்டுத் துடைத்து நம்மிடம் நீட்டினார். விரல் முழுவதும் கரி.

“சென்சர் என்ன சொல்லுது? பெற்றோல் போதாது என்று. குழாய் என்ன சொல்லுது? பெற்றோல் கூடிப்போய்க் கரி பிடிக்குது என்று. ரெண்டு சாட்சியும் உண்மையைச் சொன்னால், நடுவில ஒரு கள்ளன் இருக்க வேணும், மாஸ்டர்.”

முதலில் சாட்சியின் நேர்மையைச் சோதித்தார். எஞ்சின் சூடேறிய பின், காற்று உட்செல்லும் வாயில் சிறிது எரிவாயுவை விட்டார். கருவியில் சென்சரின் எண் சட்டென்று 0.9 க்கு ஏறிற்று. ஒரு சிறு ரப்பர்க் குழாயைக் கழற்றிக் காற்றை மிகையாக விட்டார். உடனே 0.1 க்கு இறங்கிற்று. “இது நல்ல சென்சர். கழற்றினதை வைத்திருக்கிறீர்களா?” என்றார். காரின் பின்பெட்டியில் நமது முதற் சென்சர் கடதாசியில் சுற்றிக் கிடந்தது. அதையும் மாட்டிச் சோதித்தார். அதுவும் அவ்வாறே ஏறி இறங்கிற்று. நாம் செலவழித்த பணம் முழுவதும் குற்றமற்ற இருவரைத் தண்டிக்கச் செலவானது என்று அப்போது விளங்கிற்று.

காரை அன்றிரவு அங்கேயே விடச் சொன்னார். மறுநாள் விடியலில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது நம்மை வைத்துக்கொண்டே அதை இயக்கினார். நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார். குழாயை நமது காதில் வைத்தார். டக், டக், டக் என்றொரு மெல்லிய ஓசை. எஞ்சினையும் புகைக் குழாயையும் இணைக்கும் மனிபோல்ட்டின் பொருத்து அது. அங்கே ஓர் ஆணி முறிந்திருந்தது. இடையிலுள்ள காஸ்கட் எரிந்து, கறுப்புக் கோடொன்று படிந்திருந்தது. பத்து நிமிடத்தில் இரும்பு சூடாகி விரிந்தது, இடைவெளி மூடிக்கொண்டது, ஓசையும் நின்றது. பகலில் காரை எத்தனை கராஜுக்குக் கொண்டுபோனாலும் கள்ளன் அகப்படாத காரணம் இதுதான்.

நடந்தது இது. எஞ்சினிலிருந்து புகை ஆற்றொழுக்காக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் குழாயினுள் அழுத்தம் தாழும் கணங்களில், அந்தப் பிளவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. சற்றுத் தள்ளி இருந்த சென்சர், “இங்கே ஒட்சிசன் இருக்கிறது” என்றது. அது சொன்னது முழு உண்மை. அந்த ஒட்சிசன் எஞ்சினுக்குள்ளிருந்து வந்ததா, ஓட்டை வழியாக வந்ததா என்பது சென்சருக்குத் தெரியாது. கணினி அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிற்று, மேலும் கூட்டிற்று, இனிக் கூட்ட முடியாது என்னும் எல்லையை அடைந்ததும் விளக்கை ஏற்றிற்று. பற்றரியைக் கழற்றும்போதும் சென்சரை மாற்றிப் பதிவை அழிக்கும்போதும் கணினி தான் கற்றதை மறந்து, முதலிலிருந்து கற்கத் தொடங்கும். அடுத்தடுத்த பயணங்களில் பிழை உறுதியானால்தான் விளக்கு எரியும். அந்த இடைக்காலத்தைத்தான் நாம் குணமென்று எண்ணி ஏமாந்தோம்.

முறிந்த ஆணியைக் கழற்ற நானாவுக்கு அரைநாள் பிடித்தது. காஸ்கட்டுக்கும் ஆணிகளுக்கும் ஆன செலவு ஒரு சென்சரின் விலையில் இருபதில் ஒரு பங்கு. கூலியை அவர் கேட்கவில்லை. நாம் வற்புறுத்திக் கொடுத்தோம். “விளக்கு அணைந்தது பெரிதில்லை. ஒரு மாதம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்க” என்றார். இப்போது நான்கு மாதங்களாகின்றன. முன்பு ஒரு முறை நிரப்பிய பெற்றோலில் திருகோணமலைக்கு நான்கு தடவை போய் வருவோம். இப்போது ஐந்து தடவை முடிகிறது. 2022 இல் வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து பெற்ற நாட்களை மறவாதவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணத்தைக் காட்டிலும் பெரிய விஷயமும் உண்டு. எஞ்சின் அறையில் கசியும் புகையில் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு இருக்கிறது. அது காருக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. நமது பின்னாசனத்தில் அமர்ந்திருந்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கையில், விளக்கின் மேல் கறுப்பு ரேப் ஒட்டச் சொன்ன நண்பரை நினைத்து இப்போதும் திடுக்கிடுகிறோம். மிகையான பெற்றோல் கற்றலிற்றிக் கொன்வேட்டர் என்னும் புகை வடிப்பானையும் நாளடைவில் கெடுத்துவிடும். பிளாற்றினமும் பலேடியமும் ரோடியமும் பூசிய அந்த உறுப்பின் விலையைக் கேட்டால் சென்சரின் விலை அற்பமாகத் தோன்றும். அதோடு, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும் என்ற நியதியும் இருக்கிறது. ரேப் துண்டு அந்தப் பரிசோதனைக் கருவியை ஏமாற்றாது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நானாவிடம் கற்ற முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விளக்கு எரிந்தால் முதலில் நாள், நேரம், வெயிலா மழையா, எஞ்சின் குளிரா சூடா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கருவி காட்டும் இலக்கத்தையும் எழுதுங்கள். எழுதுமுன் அழிக்க விடாதீர்கள். பி 0135 என்றிருந்தால் அது சென்சரின் உள்ளிருக்கும் சூடாக்கியின் மின்சுற்றைப் பற்றிய முறைப்பாடு. முதலில் ஃபியூஸையும் வயரையும் பார்க்க வேண்டும். வயல் சூழ்ந்த நம்மூரில் அறுவடை முடிந்ததும் எலிகள் எஞ்சினின் இளஞ்சூட்டை நாடி வந்து வயரைக் கடிப்பது வழக்கம். பி 0171 என்றிருந்தால் வெடித்த ரப்பர்க் குழாய்கள், காற்று அளக்கும் உறுப்பின் அழுக்கு, பெற்றோல் பம்ப், புகைக் கசிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பி 0420 என்றிருந்தால் அது வடிப்பானைப் பற்றிய பேச்சு. அங்கும் புகைக் கசிவை முதலில் தேடுவது அறிவுடைமை. சென்சரும் சாகாவரம் பெற்றதன்று. வயதாலும், கரியாலும், எஞ்சினில் தகாத சிலிக்கன் பசை பூசுவதாலும் அது கெடும். ஆனால், அதைச் சோதித்த பின்பே மாற்ற வேண்டும். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் மட்டும் கொப்பியைத் தேட வேண்டாம். எஞ்சினில் நெருப்புத் தவறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுங்கள்.

கந்தளாயில் வாழ்வோருக்கு இத்தகைய அறிவு புதிதன்று. குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் நமது பெருங்குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அன்று விடியுமுன் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அந்தத் துயரத்தை ஒரு காரின் கதையோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. ஆயினும், மண் அணையின் அடியில் ஓரிடம் ஈரமாகத் தெரிந்தால், அனுபவமுள்ள குளத்துக்காரர் அந்த ஈரத்தின் மேல் உலர்ந்த மண்ணைப் போட்டுவிட்டுப் போகமாட்டார். தண்ணீர் வரும் வழியைத் தேடுவார்.

கதையில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பழுது தீர்ந்த அன்று மாலை, மனிபோல்ட்டில் டக் டக் என்று ஓசை வந்ததை வீட்டில் விவரித்தோம். அன்னையார் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

“அதைத்தானே தம்பி நான் ஆறு மாசமாச் சொல்லுறன். விடியக் காலமை கார் புறப்படேக்க டக் டக் எண்டு கேக்குது, தம்பலகாமச் சந்தி வரமுன்னம் நிண்டு போகுது எண்டு. நீங்கதான், ‘அம்மாவுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்’ எண்டு சொன்னீங்க.”

சொன்னோம்தான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் ‘கவனித்துக் கேளுங்கள்’ என்று நாள்தோறும் கூறுகின்ற நாம், பின்னாசனத்திலிருந்து ஆறு மாதமாக வந்த சாட்சியத்தைக் கேட்டும் கேளாதிருந்தோம்.

அன்று இரவு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. கணுக்கால் வீங்குகிறது என்று அவர் சில மாதங்களாகச் சொல்லி வந்தார். நாமும் ஒவ்வொரு முறையும் தைலம் வாங்கிக் கொடுத்தோம். சிறிது வடியும்; மீண்டும் வீங்கும். இது நமக்கு நன்கு பழகிய கதையாகப் பட்டது. அடுத்த கிளினிக் நாள் வருவதற்குள், எந்தெந்த நாள், காலையிலா மாலையிலா, எந்த மாத்திரை தொடங்கிய பிறகு என்று ஒரு கொப்பியில் எழுதினோம். வைத்தியர் அதை வாசித்துப் பார்த்தார். கால்களை அழுத்திப் பார்த்தார். சில பரிசோதனைகளும் செய்வித்தார். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஒருவகை மாத்திரை சிலருக்கு இப்படிக் காலை வீங்கச் செய்வதுண்டு என்று விளக்கி, அதை மாற்றி எழுதிக் கொடுத்தார். “இதை முன்னமே சொல்லியிருக்கலாமே” என்றும் கேட்டார். மருந்தை நாமாக நிறுத்துவதோ மாற்றுவதோ தவறு. உரியவரிடம் சொல்லாமல் இருப்பதும் தவறுதான்.

வீக்கம் இப்போது பெரும்பாலும் வடிந்துவிட்டது. முதற் சென்சரை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். சென்ற வாரம் புறப்படும்போது அன்னையார் பின்னாசனத்திலிருந்து, “தம்பி, இண்டைக்கு வலப்பக்கச் சில்லில ஏதோ உராயுது” என்றார். காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தோம்.